ஆலைக்குள் வந்த சிறு கணிப்பொறி



கணிப்பொறி செய்யும் வேலைகளை இருவகையாகப் பகுக்கலாம். சம்பளப் பட்டி போடுதல், தேர்வு மதிப்பெண்களைக் கூட்டுதல், மக்கட்தொகைக் கணக்கெடுத்தல் ஆகியவை ஒரு வகை. இவற்றில் விடை சரியாக இருத்தல் வேண்டும்; ஒரு மணி நேரம் தாமதித்து வந்தாலும் பெருங்குற்றம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கண்காணித்து, வேண்டிய கணத்தில் வேண்டியதைச் செய்வித்தல் மற்றொரு வகை. இங்கே சரியான விடையும் நேரம் கடந்து வருமாயின் பிழையான விடையே ஆகும். வண்டி புறப்பட்ட பின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தவனிடம் பயணச்சீட்டு இருந்தும் பயன் என்ன?

இந்த இரண்டாம் வகையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். இப்பல்கலைக்கழகத்தில் பயின்று, நம் சங்கத்தில் உறுப்பினனாக இருந்து, 1974-இல் வடநாட்டுக் காகித ஆலை ஒன்றில் மின் பொறியாளனாகச் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து தருவித்த காகிதம் வெட்டும் இயந்திரத்தோடு ஒரு சிறு கணிப்பொறியும் அங்கு வந்து சேர்ந்திருந்தது. 1981 வரை அதனோடு பழகினேன். அதற்கு ஆணை எழுதுவதே என் தொழிலாயிற்று. அந்நாளில் கற்றவற்றுள் இன்றும் பயன்படுவன எவை என்று காண்போம்.

சிறு கணிப்பொறி தோன்றிய வரலாறு

முதலில் தோன்றிய கணிப்பொறிகள் பெரிய அறைகளை அடைத்துக் கொண்டிருந்தன. நம் நாட்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய டிஃப்ராக் 1960-இல் இயங்கத் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்தது. இவற்றை ஆலையின் தூசுக்கும் வெப்பத்துக்கும் இடையே கொண்டு போய் வைப்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. விலையும் அதற்கு இடம் தரவில்லை.

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம். 1957-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேனார்டு ஊரில், ஒரு பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் அது தொடங்கப் பெற்றது. கணிப்பொறி என்றாலே பெருஞ்செலவு என்று முதலீட்டாளர் அஞ்சிய காலம் அது. ஆதலின் தம் பொறிகளுக்குக் கணிப்பொறி என்று பெயரிடாமல், ஆணைப்படி இயங்கும் செய்திச் செயலி என்ற பொருள்படப் பி.டி.பி. என்று பெயரிட்டனர். அவ்வரிசையில் 1965-இல் வெளிவந்த பி.டி.பி-8 சுமார் 18,000 டாலருக்குக் கிடைத்தது. பெரும் பொறிகளின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆய்வுக்கூடங்களும் ஆலைகளும் அதை வாங்கின. பிற இயந்திரம் செய்வோர் அதை வாங்கித் தம் இயந்திரத்துக்குள் ஓர் உறுப்பாகப் பொருத்தி விற்றனர். எங்கள் ஆலைக்கு வந்தது அவ்வாறு வந்ததே. 1970-இல் வெளியான பி.டி.பி-8/இ என்னும் வகை.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. 1967-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா, டிராம்பேயில் அணு ஆற்றல் துறையினர் வகுத்த வழியில் டி.டி.சி-12 என்னும் பொறியையும், பின்னர் டி.டி.சி-312, டி.டி.சி-316 ஆகியவற்றையும் செய்தளித்தது. டி.டி.சி. என்பதில் முதலெழுத்து டிராம்பேயையே குறிக்கும்.

பொறியின் அமைப்பு

பி.டி.பி-8 பொறியின் நினைவகம் 4,096 சொற்களைக் கொண்டது. ஒரு சொல்லுக்கு 12 பிட்டுகள். இன்றைய கணக்கில் இது 6,144 பைட்டு. இன்று நாம் கணிப்பொறியில் தமிழ் எழுதும் ஒருங்குறி முறையில் ஒவ்வொரு குறியும் பெரும்பாலும் மூன்று பைட்டு இடம் கொள்கிறது. எனவே இக்கட்டுரையை அந்த நினைவகத்தில் ஏற்றினால், முதல் சில பத்திகளோடு இடம் நிறைந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஆணைகளும் இருக்க வேண்டும். அவை கையாளும் எண்களும் இருக்க வேண்டும்.

நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். வளையத்தின் காந்தத் திசை ஒரு பக்கமானால் 1. மறு பக்கமானால் 0. மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்பதில்லை. ஆதலால் நினைவும் அழிவதில்லை. இச்சிறப்பைப் பின்னர் மீண்டும் காண்போம். நன்மையும் தீமையும் அதிலிருந்தே பிறந்தன.

அடிப்படை ஆணைகள் எட்டே. கூட்டல் உண்டு, கழித்தல் இல்லை. ஓர் எண்ணின் பிட்டுகளைத் தலைகீழாக்கி, ஒன்றைச் சேர்த்துக் கூட்டினால் கழித்த விடை வரும். பெருக்கலும் இல்லை, அதற்கெனத் தனி உறுப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும். எங்கள் பொறியில் அது இல்லை. ஓர் எண்ணில் எட்டில் ஐந்து பங்கு வேண்டுமானால் என்ன செய்வது? நம் பாட்டனார் கணக்கு இங்கே கைகொடுத்தது. எட்டில் ஐந்து என்பது அரையே அரைக்கால். பிட்டுகளை வலப்பக்கம் ஓரிடம் நகர்த்தினால் அரை. மூன்றிடம் நகர்த்தினால் அரைக்கால். இரண்டையும் கூட்டினால் முடிந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பகுத்துச் சென்ற பழைய தமிழ்க் கணக்கு, இருமக் கணக்கின் பின்னமே அன்றோ! பத்தின் அடுக்குப் பின்னத்தை மட்டும் பள்ளியில் கற்றுவந்த என் உடன்பணியாளர் இதை விளங்கிக் கொள்ளச் சற்று நேரம் எடுத்துக் கொண்டனர்.

ஆணைகளை உள்ளே செலுத்துதல்

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் புரோகிராம் உள்ளே சென்றுவிடுகிறது. அன்று அது ஒரு சடங்கு. பொறியின் முகப்பில் 12 சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றை மூன்று மூன்றாகப் பார்த்து, எட்டின் அடியில் எண்களைப் படிப்போம். முதலில் 16 சொற்கள் கொண்ட ஒரு சிற்றாணைத் தொடரைச் சுவிட்சுகளால் கையாலேயே நினைவகத்தில் இட வேண்டும். அதன் ஒரே வேலை, டெலிடைப்பில் பொருத்திய துளையிட்ட காகித நாடாவைப் படிப்பது. அது படிக்கும் முதல் நாடாவில், நாடா படிக்கும் மற்றொரு சிறந்த ஆணைத்தொடர் இருக்கும். அந்த இரண்டாம் தொடர்தான் நம் உண்மையான புரோகிராமைப் படித்தேற்றும்.

மாடல் 33 டெலிடைப் விநாடிக்கு 10 எழுத்து வேகத்தில் படிக்கும். ஒரு சொல்லுக்கு நாடாவில் இரண்டு வரிசைத் துளைகள். நினைவகம் முழுவதையும் நிரப்ப வேண்டுமாயின் ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். ஓர் ஆணையை மாற்ற வேண்டுமென்றால் மூல நாடாவைத் திருத்தி, மீண்டும் துளையிட்டு, மொழிபெயர்ப்புத் தொடரில் பல முறை ஓட்டி, புது நாடா பெற வேண்டும். ஒரு பிற்பகல் போய்விடும். ஆகவே ஆலை ஓடும்போது அவசரமாயின், சுவிட்சுகளாலேயே ஒட்டுப் போடுவோம். பழுதான இடத்தில் ‘இங்கிருந்து அங்குத் தாவு’ என்ற ஆணையை இட்டு, நினைவகத்தின் காலியான மூலையில் திருத்திய ஆணைகளை எழுதி, மீண்டும் பழைய இடத்துக்குத் தாவச் செய்வோம்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒட்டுப் போட்டவர் எவராயினும், எந்த முகவரியில் எந்த எண்ணை மாற்றினார், ஏன் மாற்றினார், எந்த நாள், எந்த ஷிப்டு என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதப்படாத ஒட்டு, இல்லாத ஒட்டுக்குச் சமம். அடுத்த முறை நாடா ஏற்றும்போது அது மறைந்து போகும். இரவு ஷிப்டில் வருபவன் அதை அறியமாட்டான்.

ஓடும் காகிதமும் ஓடும் நேரமும்

இனி வேலைக்கு வருவோம். பெரிய உருளையில் சுற்றிய காகிதம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விரிந்து வருகிறது. வழியில் ஒளியால் துளையும் கறையும் காணும் கருவி ஒன்று. அதைக் கடந்த காகிதத்தைச் சுழலும் கத்தி தாள்களாக வெட்டுகிறது. அதற்கப்பால் ஒரு தடுக்குக் கதவு. குற்றமுள்ள தாள் வரும்போது அது திறந்து அத்தாளைக் கழிவுக் குவியலுக்கு அனுப்ப வேண்டும். கருவிக்கும் கதவுக்கும் இடையே தொலைவு 6 மீட்டர். குற்றம் காணப்பட்ட 3 விநாடிக்குப் பின் கதவு திறக்க வேண்டும்.

மூன்று விநாடி எண்ணிக் கதவைத் திறந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இயந்திரம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே நேரத்தை எண்ணாமல் காகிதம் கடந்த தூரத்தை எண்ணினோம். ஓர் உருளையில் பொருத்திய சக்கரம், காகிதம் ஒரு சென்டிமீட்டர் நகரும்தோறும் ஒரு மின் துடிப்பை அனுப்பும். 6 மீட்டருக்கு 600 துடிப்பு. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நல்லது எனில் 0, குற்றமுள்ளது எனில் 1 என்று ஒரு பிட்டு. 600 பிட்டுகள் 50 சொற்களில் அடங்கும். ஆறு மீட்டர் காகிதத்தின் சிறு படம் ஒன்று நினைவகத்தில் இருந்தது எனலாம்.

விநாடிக்கு 200 துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் எல்லா வேலையும் முடிய வேண்டும். ஒரு கூட்டலுக்கு 2.6 மைக்ரோ விநாடி. ஆக, ஏறத்தாழ 1,900 கூட்டல்கள். இதுவே எங்கள் வரவு. செலவு இதற்குள் இருக்க வேண்டும்.

துடிப்பு வரும்தோறும் 600 பிட்டுகளையும் ஓரிடம் நகர்த்துவது முதல் வழி. ஒரு சொல்லை எடுத்து, ஓரிடம் சுழற்றி, திரும்ப வைத்து, அடுத்த சொல்லுக்குச் செல்ல 15.2 மைக்ரோ விநாடி. 50 சொற்களுக்கு 760. ஐந்து மில்லி விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

இரண்டாம் வழியை ராட்டின முறை என்று எங்களுக்குள் அழைத்தோம். திருவிழா ராட்டினத்தில் அமர்ந்தவர் எவரும் இருக்கை மாறுவதில்லை. சுற்றிவரும் ராட்டினம் ஒவ்வோர் இருக்கையாகக் கீழே கொண்டு வருகிறது. அதுபோலப் பிட்டுகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, ‘இப்போது இங்கே’ என்று காட்டும் சுட்டியை மட்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓரிடம் நகர்த்தினோம். சுட்டி காட்டும் இடத்தில் 600 துடிப்புக்கு முன் எழுதிய பிட்டு இருக்கும். அதைப் படித்துக் கதவுக்கு அனுப்பு, அதே இடத்தில் இப்போது கருவி காணும் பிட்டை எழுது, சுட்டியை நகர்த்து, கடைசி இடம் தாண்டினால் முதலிடத்துக்குத் திரும்பு. சுமார் 20 ஆணைகள். ஏறத்தாழ 50 மைக்ரோ விநாடி. ஒரே வேலை, செலவு பதினைந்தில் ஒரு பங்கு. பொறி வேகமானதாக ஆகவில்லை. வேலையைப் பார்க்கும் பார்வை மாறியது.

ஒரே மணி, பல வாசல்கள்

காகிதத் துடிப்பு, இயக்குபவர் அழுத்தும் பொத்தான், டெலிடைப், மின்னழுத்தக் காவலன் ஆகிய எல்லாம் பொறியின் கவனத்தை வேண்டும். ஒவ்வொன்றையும் மாறி மாறிப் போய்ப் பார்த்துக் கொண்டிருந்தால் ஒன்று தவறிவிடும். இதற்குக் குறுக்கீடு என்னும் ஏற்பாடு உண்டு. ஏதேனும் ஒரு கருவி அழைத்தவுடன் பொறி தன் வேலையை நிறுத்தி, நின்ற இடத்தை முகவரி 0-இல் குறித்துக் கொண்டு, முகவரி 1-இலிருந்து ஆணைகளைச் செய்யத் தொடங்கும்.

ஆனால் அழைப்பு மணி ஒன்றுதான், வாசல்கள் பல. அழைத்தது யார் என்பதை மணி சொல்லாது. பொறி ஒவ்வொரு கருவியாக ‘நீயா?’ என்று கேட்டு வர வேண்டும். முதலில் யாரைக் கேட்கிறோமோ அவருக்கே முதல் மரியாதை. ஆகவே கேட்கும் வரிசையை அமைப்பதில் நீதி இருக்க வேண்டும். மின்னழுத்தக் காவலன் முதலில். அவன் அழைத்தால் உயிர் போகும் நேரம். அடுத்துக் காகிதத் துடிப்பு. அடுத்துப் பொத்தான். டெலிடைப் கடைசி, அது காத்திருந்தால் எவருக்கும் கேடில்லை.

டெலிடைப்பைக் கடைசியில் வைத்ததன் காரணத்தைக் கணக்கால் காணலாம். அது ஓர் எழுத்தை அச்சிட 100 மில்லி விநாடி எடுக்கும். 72 எழுத்துக் கொண்ட ஒரு வரிக்கு 7.2 விநாடி. புரோகிராம் எழுதுபவர், ‘எழுத்தை அனுப்பு, அச்சாகும் வரை காத்திரு, அடுத்த எழுத்தை அனுப்பு’ என்று எழுதி, குறுக்கீட்டுக்கும் இடம் கொடாமல் விட்டால், ‘கறை காணப்பட்டது’ என்று ஒரு வரி அச்சிடுவதற்குள் 14 மீட்டருக்கு மேல் காகிதம் ஓடியிருக்கும். குற்றத்தை அறிவித்துக் கொண்டிருந்தபடியே பொறி குற்றமுள்ள தாள்களை நல்ல குவியலுக்கு அனுப்பியிருக்கும்! ஆகவே அச்சிட வேண்டியதை நினைவகத்தில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, டெலிடைப் ‘முடிந்தது’ என்று அழைக்கும்தோறும் ஓரெழுத்தைக் கொடுத்து அனுப்புவோம். மெதுவானவனுக்காக விரைவானவன் நின்று காத்திருக்கலாகாது; மெதுவானவன் தன் வேளையில் வந்து பெற்றுச் செல்லட்டும்.

மின்சாரம் திரும்பும் நேரம்

மின்சாரம் போகும்போது பொறிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அளவே அவகாசம் கிடைக்கும். காவலன் அழைத்தவுடன் கையில் இருக்கும் எண்களைக் காந்த நினைவகத்தில் இட்டு வைத்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடரலாம். இயந்திரத்தோடு வந்த புரோகிராம் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர் வாழ்ந்த நாட்டில் மின்சாரம் எப்போதோ ஒருமுறை, ஓரிரு விநாடி கண் சிமிட்டுவது வழக்கம். அங்கே இது நல்ல ஏற்பாடே.

நம் ஆலையில் மின்சாரம் போனால் அரைமணி, ஒருமணி என்று போகும். அந்நேரத்தில் தொழிலாளர் சும்மா இருப்பதில்லை. அறுந்து சிக்கிய காகிதத்தை எடுப்பர், கத்தியைத் துடைப்பர். 1976 கோடையில் ஒருநாள் மின்சாரம் நின்றிருந்தபோது உதவியாளர் ஒருவர் தடுக்குக் கதவுக்குள் கைவிட்டுக் கிழிந்த தாள்களை எடுத்துக் கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியது. பெரிய மோட்டார்கள் ஓடவில்லை. ஆனால் அந்தக் கதவை அசைப்பது அழுத்தக் காற்று. கலத்தில் காற்று அப்படியே இருந்தது. கணிப்பொறி விழித்தது. அரைமணிக்கு முன் எதைச் செய்ய இருந்ததோ அதை நினைவில் கொண்டு, கதவை அடித்துத் திறந்தது. அவருடைய இரண்டு விரல்கள் முறிந்தன.

பொறி பழுதாகவில்லை. ஓர் ஆணையும் பிழைபடவில்லை. எழுதியபடியே எல்லாம் நடந்தது. அதுதான் எங்களைத் திகைக்க வைத்தது.

மறுநாள் எங்கள் மின்பணி மிஸ்திரி, நரைத்த தலையர், மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றைத் திறந்து என்னிடம் காட்டினார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் சுருள் காந்தமாகி இணைப்பைப் பிடித்துக் கொள்கிறது. மின்சாரம் போனால் பிடி விடுகிறது. மின்சாரம் திரும்பினாலும், ஒரு மனிதன் வந்து மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. “சாப், இந்தப் பத்து ரூபாய்ச் சுருளுக்கு இருக்கிற புத்தி உங்கள் பெட்டிக்கு ஏன் இல்லை?” என்று இந்தியில் கேட்டார். “மிஸ்திரிஜி, அதைத்தான் இனி அதற்குக் கற்பிக்க வேண்டும்” என்றேன்.

அவ்வாரத்தில் மூன்று மாற்றங்கள் செய்தோம். முதலாவது, மின்சாரம் திரும்பினால் புரோகிராம் எல்லாக் கதவுகளுக்கும் போகும் ஆணையை அழித்துவிட்டு, பொத்தானுக்காகக் காத்திருக்கும். இரண்டாவது, ராட்டினத்தின் 600 இடங்களையும் ‘குற்றமுள்ளது’ என்று குறித்துவிடும். நின்ற நேரத்தில் காகிதம் கிழிந்ததோ, நகர்ந்ததோ, பொறி அறியாது. அறியாததை நல்லதென்று எண்ணலாகாது. இதனால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் 6 மீட்டர் காகிதம் வீணாகும். உற்பத்திப் பிரிவினர் முதலில் முகம் சுளித்தனர். விரல் முறிந்தவர் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குத் திரும்பிய பின் எவரும் அதைப் பேசவில்லை. மூன்றாவது மாற்றம் மிஸ்திரி செய்தது. கதவின் காற்று வால்வுக்குச் செல்லும் மின்கம்பியில் தம் சுருளையும் பச்சைப் பொத்தானையும் இணைத்தார். கணிப்பொறி எதைச் சொன்னாலும், மனிதன் பொத்தானை அழுத்தாமல் கதவு அசையாது. என் புரோகிராம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சுருள் காக்கும். மூன்றனுள் இதுவே சிறந்தது என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

உலகம் அறிந்த ஒரு படிப்பினை

இதே பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் இயந்திரம். அதை ஆண்டது பி.டி.பி-11 வகைச் சிறு கணிப்பொறி. 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு முறை அது நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிரைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர்.

பின்னர் ஆராய்ந்தோர் கண்ட காரணங்களில் இரண்டைக் கூறுவேன். இயந்திரத்தின் காந்தங்களைச் சரிசெய்ய 8 விநாடி பிடிக்கும். தேர்ந்த பணியாளர் தவறாகத் தட்டிய எழுத்தை அந்த 8 விநாடிக்குள் திருத்திவிட்டால், திரையில் திருத்தம் தெரியும். ஆனால் இயந்திரத்தின் ஒரு பகுதி திருத்தத்தைக் கவனிப்பதில்லை. புதியவர் கையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், பழகியவர் விரைவாகத் தட்டியதும் பிழைபட்டது. மற்றொன்று, ‘சோதனை செய்ய வேண்டும்’ என்று குறிக்க ஓர் எண்ணை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டி வந்தனர். பூச்சியம் எனில் சோதனை வேண்டாம் என்று பொருள். அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 8 பிட்டு. 255-க்கு மேல் ஒன்று கூட்டினால் பூச்சியம். ஆக, 256 சுற்றுக்கு ஒருமுறை சோதனை தானாக விடுபட்டது. சரியாக அக்கணத்தில் பணியாளர் பொத்தானை அழுத்தினால் கேடு நேரும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய தெராக்-20 இயந்திரத்தின் புரோகிராமிலும் இதையொத்த பிழை இருந்தது. ஆனால் அதில் கம்பியாலும் உருகியாலும் அமைந்த தனிக்காப்பு இருந்தமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. புதிய இயந்திரத்தில், புரோகிராமே பார்த்துக் கொள்ளும் என்று அக்காப்பை நீக்கிவிட்டனர். இதைப் படித்தபோது எங்கள் மிஸ்திரியின் பத்து ரூபாய்ச் சுருள் என் நினைவுக்கு வந்தது.

இக்காலத்து மாணவர்க்கு

பி.டி.பி-8 இன்று பொருட்காட்சிச் சாலைகளில் இருக்கிறது. 1969 முதல் ஆலைகளுக்கென்றே செய்யப்பட்ட கட்டுப்பாட்டுப் பொறிகள் வந்தன. 1971-இல் இன்டெல் 4004 தொடங்கி ஒரே சில்லில் அடங்கும் செயலிகள் வந்தன. சிறு கணிப்பொறிகள் படிப்படியாக விடைபெற்றன. அவற்றைச் செய்த நிறுவனமே 1998-இல் காம்பாக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

எனினும் சிறு கணிப்பொறியின் கணக்கு மறையவில்லை. உங்களில் பலர் ஆய்வுக்கூடத்தில் கையாளும் அர்டுயினோ ஊனோ பலகையில் 2,048 பைட்டு மாறு நினைவகமே உள்ளது; எங்கள் காந்த வளைய நினைவகத்தில் மூன்றில் ஒரு பங்கு. மின்தூக்கியிலும், வண்டியின் தடுப்பிலும், மருத்துவமனையின் சொட்டு மருந்துக் கருவியிலும் இத்தகைய சிறு செயலிகளே வேலை செய்கின்றன. அவற்றுக்கு ஆணை எழுதப் போகிறவர்கள் நீங்கள். பெரிய பொறியில் எழுதிப் பழகியவர்க்கு, தம் புரோகிராம் எத்தனை மைக்ரோ விநாடி எடுக்கும் என்று கேட்டால் விடை தெரிவதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வருவதில்லை. ஓடும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது அத்தேவை வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் விடை எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும்? வராவிட்டால் யாருக்கு என்ன நேரும்? நின்று மீண்டும் தொடங்கும்போது இயந்திரத்தின் அருகில் யார் கை இருக்கும்?

மூன்றாவது கேள்விக்கு விடை நூலகத்தில் கிடைக்காது. இயந்திரத்தின் அருகில் நாள்தோறும் நிற்பவரைக் கேட்டால் கிடைக்கும். மொழி வேறாயினும் தயங்காமல் கேளுங்கள்.

பயிற்சி

1. மேலே கூறிய இயந்திரத்தின் வேகத்தை விநாடிக்கு 4 மீட்டராக உயர்த்தினால், இரு துடிப்புக்கு இடையே எவ்வளவு நேரம் கிடைக்கும்? முதல் வழியில் பிட்டுகளை நகர்த்துவதற்கு அதில் எத்தனை பங்கு செலவாகும்?

2. ஓர் எண்ணில் 16-இல் 11 பங்கை நகர்த்தலும் கூட்டலும் மட்டும் கொண்டு காண்க. அதைப் பழைய தமிழ்ப் பின்னப் பெயர்களால் எழுதுக.

3. உங்கள் விடுதியில் உள்ள மின்தூக்கி, இரு மாடிகளுக்கு இடையே மின்சாரமின்றி நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பியதும் அதன் புரோகிராம் முதலில் செய்ய வேண்டியது யாது? எதை அறிந்ததாக அது எண்ணிக் கொள்ளக் கூடாது? விடையை எழுதும் முன் மின்தூக்கிப் பணியாளரோடு ஒருமுறை பேசிவிட்டு எழுதுக.